வெயிலும் ஒப்பனையும்

ஒப்பனையைப் பற்றிய பேச்சு என்றதும், இது பெண்கள் பகுதிக்கு உரியது என்று ஆண் நேயர்கள் எழுந்து போய்விட வேண்டாம். கோயில் திருவிழாவில் வேடம் கட்டும் இளைஞருக்கும், பள்ளி மேடையில் ஏறும் சிறுவனுக்கும், மகளின் கல்யாணத்துக்குப் பணம் எண்ணி வைக்கும் தகப்பனாருக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் பூசிய பூச்சு மதியத்துக்குள் ஏன் வழிந்துவிடுகிறது, அதை மாலை வரை நிற்க வைப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் பூச்சோங் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தோட்டம் என்று பழக்கத்தில் சொல்லுகிறேனே ஒழிய, பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைவரிசைகளும் நிற்கின்றன. 2016 முதல் எல்.ஆர்.டி. ரயில் எங்கள் தலைக்கு மேலே ஓடுகிறது. 'லாடாங்' என்ற சொல் பெயர்ப்பலகையில் மட்டும் மிஞ்சியிருக்கும் பள்ளிகள் நம் நாட்டில் பல. மரம் போனபோது நிழலும் போயிற்று. ஆனால் பொங்கல் விழா, ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா, தீபாவளி விருந்து என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது பிள்ளைகள் மேடை ஏறத்தான் செய்கிறார்கள். பயிற்சிக் கல்லூரியில் ஓவியமும் நாடகமும் படித்தவள் என்ற ஒரே காரணத்தால் ஒப்பனைப் பெட்டி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வந்த பெட்டி பல ஆண்டுகளாகத் திரும்பிப் போகவே இல்லை. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதையும், படித்து உறுதி செய்துகொண்டதையும் சொல்லுகிறேன்.

முதலில் வியர்வை. நம் தோலில் இரண்டு வகைச் சுரப்பிகள் வேலை செய்கின்றன. ஒன்று நீரும் உப்பும் கலந்த வியர்வையை விடுகிறது. மற்றொன்று எண்ணெய்ப் பசையை விடுகிறது. முகத்தில், நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் எண்ணெய் அதிகம். ஆகவே ஒரு பூச்சு முகத்தில் நிற்க வேண்டுமானால், ஒரே நேரத்தில் தண்ணீரையும் எண்ணெயையும் எதிர்த்து நிற்க வேண்டும். தண்ணீரில் கரையும் பூச்சை வியர்வை கரைக்கும். எண்ணெயில் கரையும் பூச்சை முகத்தின் எண்ணெயே கரைக்கும். இரண்டு எதிரிகளும் உள்ளிருந்தே வருகிறார்கள் என்பதுதான் சங்கடம்.

அத்தோடு நம் நாட்டுக் காற்று ஒரு தனிப் பிரச்சினை. மே மாதத்து டில்லியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் அங்கே காற்று வறண்டது. வியர்வை வெளியே வந்தவுடன் ஆவியாகிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 டிகிரிதான். ஆயினும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், வந்த வியர்வை போக வழியின்றி முகத்திலேயே நின்று முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது. ஆகவே வட இந்தியாவின் வறண்ட ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அழகுக் குறிப்புகளை அப்படியே எடுத்து இங்கே செய்து பார்த்தால் பாதி பலிக்காது.

வியர்வை முகத்தில் தெரிந்தாலும் அதற்குக் கட்டளை இடுவது முகம் அல்ல. உடம்பின் மொத்த வெப்பத்தை அளந்துகொண்டிருக்கும் மூளை. ஒப்பனை செய்பவர்கள் முகத்துக்கு மட்டும் விசிறுகிறார்கள். கழுத்துக்கும் பிடரிக்கும் மணிக்கட்டுக்கும் குளிர்ச்சி கொடுத்துப் பாருங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பிடரியில் சிறிது நேரம் வைத்தால் உடம்பு தணியும். முகத்து வியர்வையும் அடங்கும். கூந்தலைத் தூக்கிக் கட்டிப் பிடரிக்குக் காற்று விடுவதும் இதற்காகவே. சவுரியும் பூச்சரமும் சேர்ந்து கழுத்தில் கம்பளம் போல் கிடந்தால், எவ்வளவு விலை உயர்ந்த பூச்சும் நிற்காது.

இன்னும் ஒன்று. வியர்க்கும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. பட்டுச் சேலையோடு கழிவறைக்குப் போக வேண்டுமே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். இது ஆபத்து. 2023-ஆம் ஆண்டில் வெப்பம் கடுமையானபோது பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு கல்வி அமைச்சே பணித்தது நினைவிருக்கலாம். பூச்சு வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம். பிள்ளை மயங்கி விழுந்தால்?

இனி, பூச்சு என்பது என்ன என்று பார்ப்போம். தமிழில் நடிகர் ஒப்பனை செய்துகொள்வதை 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறமுள்ள ஒரு கனிமம். கந்தகமும் ஆர்சனிக் என்னும் நஞ்சும் சேர்ந்த பொருள். அதை அரைத்து முகத்துக்கு நிறம் ஏற்றினார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பாதரசத்தின் பெயரை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் அது மறுபடியும் வரும். கேரளத்துக் கதகளியில் இத்தகைய கனிமப் பொடிகளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தீட்டினார்கள். முகவாயைச் சுற்றி அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த 'சுட்டி' என்னும் கரை கட்டுவார்கள். நடிகர் மல்லாந்து படுத்திருக்க, இந்த வேலை மணிக்கணக்கில் நடக்கும். விடிய விடிய ஆடினாலும் அந்த முகம் கலையாது. எண்ணெயில் குழைத்த நிறத்தை நீர் கரைக்காது என்பதை அந்தக் கலைஞர்கள் பழக்கத்தால் கண்டிருந்தார்கள். ஐரோப்பிய நாடக மேடைக்குக் கொழுப்பில் குழைத்த நிறக்குச்சிகளை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் லைக்னர் என்ற பாடகர் செய்து விற்றார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

சினிமா வந்தபின் கொழுப்புப் பூச்சு பளபளத்துக் காட்சியைக் கெடுத்தது. வண்ணப் படங்களில் அது பெரிய தொல்லையாயிற்று. 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் அப்பம் போல் அழுத்திய பொடி ஒன்றைக் கொண்டுவந்தது. நனைத்த பஞ்சினால் எடுத்துப் பூச வேண்டும். நீர் ஆவியாகிப் போக, மெல்லிய படலம் முகத்தில் ஒட்டி நிற்கும். அதன் பெயர்தான் 'பேன்கேக்'. இன்றும் பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளின் தாய்மார் எந்த நிறுவனத்துப் பொருளையும் பேன்கேக் என்றே சொல்லுகிறார்கள்.

சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், தம் ஜெமினி நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகளில் அந்த ஸ்டூடியோவின் ஒப்பனை அறையை விவரித்திருக்கிறார். பேன்கேக் அங்கே லாரி லாரியாக வந்து இறங்குமாம். பெரிய கண்ணாடிகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுடும் மின்விளக்குகள். உட்கார்ந்திருப்பவர் வெந்து போவார். பார்க்க நன்றாக இருந்த முகம், பூச்சு முடிந்து எழும்போது பார்க்கச் சகிக்காத செந்நிற முகமாகிவிடும் என்று அவர் கேலி செய்கிறார். அன்றைய படப்பிடிப்பு விளக்குக்கு அது தேவையாக இருந்தது. எங்கள் பள்ளி மண்டபத்தில் நான்கு குழல்விளக்குகளும் ஆறு மின்விசிறிகளும் மட்டுமே இருக்கின்றன. முதல் வரிசையில் உட்காரும் பெற்றோர் பத்தடி தூரத்தில் இருக்கிறார்கள். இங்கேயும் அதே கனத்தில் பூச வேண்டும் என்று யார் சொன்னது?

கனமாகப் பூசினால் நெடுநேரம் நிற்கும் என்பது பலருடைய நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. சுவருக்குச் சாயம் அடிப்பவரைக் கேளுங்கள். ஒரே அடியாகக் கனமாக அடித்தால் மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். பிறகு வெடித்து உரியும். மெல்லியதாக அடித்து, காயவிட்டு, மறுபடியும் மெல்லியதாக அடிப்பார் அவர். முகத்துக்கும் அதே நியாயம். அத்துடன் முகம் சுவரைப் போல் சும்மா இருப்பதில்லை. சிரிக்கிறது, பேசுகிறது, சுருங்குகிறது. கனமான பூச்சு மடிப்புகளில் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் வியர்வை புகுந்து மற்றதையும் தூக்கிவிடுகிறது.

செய்முறையைச் சொல்லுகிறேன். முகத்தைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, முகம் தணியும் வரை உட்காருங்கள். மின்விசிறியின் கீழ் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். அவசரத்தில் நாம் விட்டுவிடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். பிறகு எண்ணெய் அதிகம் இல்லாத ஈரப்பசைக் களிம்பு, கொஞ்சம். பகல் வெளியில் இருக்க வேண்டுமானால் வெயில் தடுப்புக் களிம்பு. இவற்றைப் பூசியதும் மேலே அடுத்ததைப் போட வேண்டாம், ஊறட்டும். அடித்தளமாகப் பூசும் ஃபவுண்டேஷன் தண்ணீர் வகையாக இருந்து, கீழே தடவிய களிம்பு எண்ணெய் வகையாக இருந்தால், ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் இரண்டும் பிரிந்து நிற்கும். சாமான் வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபவுண்டேஷனை நனைத்துப் பிழிந்த பஞ்சினால் தேய்க்காமல் தட்டித் தட்டி வைக்க வேண்டும். அதன் மேல் மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுத்தால் மிகையான எண்ணெய் தாளோடு வந்துவிடும். பிறகு பவுடரைத் தட்டித் தூவாமல் பஞ்சில் எடுத்து அழுத்துங்கள். சிறு பிள்ளைகளின் முகத்துக்கு நேரே பவுடர் டின்னைக் குலுக்குவதை நான் அனுமதிப்பதில்லை. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. இன்னொரு மெல்லிய பூச்சு வேண்டுமானால் இதே வரிசையில் மறுபடியும். கடைசியில் தெளிக்கும் திரவங்கள் இப்போது கடைகளில் உண்டு. ஆவியாகும் திரவத்தில் கரைந்துள்ள ஒரு பசை, முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆடையாகப் படிந்து நிற்கும். அது உதவும். ஆனால் கீழே செய்த வேலை சரியாக இல்லாவிட்டால், தெளித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

கண் மை எண்ணெயில் செய்தது. அதனால்தான் கன்னத்துக்கு இறங்குகிறது. இமையின் கீழ் முதலில் சிறிது பவுடர் அழுத்தி, மை தீட்டியபின் அதன் மேலும் சிறு தூரிகையால் பொடி வைத்தால் இறங்காது. உதட்டுச் சாயத்தையும் ஒரு முறை பூசி, தாளில் ஒற்றி, மறுபடியும் பூச வேண்டும். வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் அது போய்விடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வியர்த்தபின் என்ன செய்வது? ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். வியர்வை இருக்கும்போதே அதன் மேல் பவுடர் போட்டால் அது களியாகிவிடும். முதலில் சுத்தமான பருத்திக் கைக்குட்டையோ மெல்லிய தாளோ கொண்டு ஒற்றி, முகம் உலர்ந்தபின் தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் பவுடர். கைப்பையில் ஒரு முழுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, பத்துத் தாள்கள் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது பூசும் முறை. பூசும் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

ஒரு பரிசளிப்பு விழாவுக்கு முன்னால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் முன் வந்து உட்கார்ந்தாள். நல்ல கறுப்பு, களையான முகம். "டீச்சர், எனக்கு வெள்ளையாப் போட்டுவிடுங்க டீச்சர்," என்றாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "முன்னால நிக்கிறவங்க எல்லாரும் வெள்ளையா இருக்கணுமாம்," என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் நம்மில் யாரோ ஒருவர்தான் சொல்லியிருப்போம்.

இதை நிறப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. ஒப்பனைக் கணக்கே இதில் இருக்கிறது. தோலின் நிறத்துக்கு ஒத்த பூச்சு சிறிது கலைந்தால் கீழிருக்கும் நிறம் அதோடு கலந்துகொள்ளும், பார்ப்பவருக்குத் தெரியாது. தோலைவிட மூன்று படி வெளுத்த பூச்சு கலையும்போது, வியர்வை ஓடிய ஒவ்வொரு கோடும் தெரியும். மறைக்க வேண்டிய வேற்றுமை கூடக் கூடப் பூச்சும் கனமாகிறது. கனமான பூச்சுக்கு ஆயுள் குறைவு. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று மூன்று பேரை ஒட்டவைத்ததுபோல் பிள்ளை நிற்பாள். ஆகவே ஃபவுண்டேஷன் வாங்கும்போது கையின் மேல் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் கோடு போட்டு, கடையின் விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு மறைந்து போகிறதோ அதுவே உங்கள் நிறம்.

நம் நிறத்துக்குக் கடையில் கிடைப்பதில்லையே என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. அது உண்மையும்கூட. பல நிறுவனங்கள் வெளிர் நிறங்களைப் பலவாகச் செய்து, கருநிறத்துக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டன. 2017-இல் பாடகி ரிஹானா தொடங்கிய நிறுவனம் ஃபவுண்டேஷனை 40 நிறங்களில் ஒரே நாளில் கொண்டுவந்தபின், மற்றவர்களும் தங்கள் வரிசையை நீட்டினார்கள். இந்தியாவில் 1975-இல் அறிமுகமாகி நம் வீடுகளிலும் பழகிப்போன 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது. எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. அன்று அவள் நிறத்துக்கே பூசி, கண்ணைச் சற்று அழுத்தமாகத் தீட்டி, நெற்றிச்சுட்டியை நேராக வைத்து அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து நடந்த கடைசி நடனத்திலும் அவள் முகம் அப்படியே இருந்தது. வெளியில் செய்து அழைத்து வந்த சில பிள்ளைகளின் முகம் அதற்குள் சுண்ணாம்புச் சுவரில் மழை பெய்ததுபோல் ஆகியிருந்தது.

பாதரசம் மறுபடியும் வரும் என்றேன் அல்லவா? இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் அது இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. ஆகவே சில வாரங்களில் முகம் வெளுப்பது உண்மைதான். அதே பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கிறது. பூசிக்கொண்ட தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் குழந்தைக்கும் போகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக மக்களை முடமாக்கிய கொடுமை 1950-களில் வெளிப்பட்டது. அந்த ஊரின் பெயரிலேயே 2013-இல் உருவான உலக உடன்படிக்கை, பாதரசம் கலந்த அழகுப் பொருள்களை ஒழிப்பதையும் தன் கடமைகளில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது.

நம் நாட்டில், அழகுப் பொருள் எதுவாயினும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு அறிவித்த பின்னரே விற்க வேண்டும். அறிவித்த பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. அந்த எண்ணை முகமையின் இணையத்தளத்தில் போட்டு யாரும் சரிபார்க்கலாம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டிராய்டு மருந்து ஆகியவை கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களின் பெயர்களை முகமை அவ்வப்போது வெளியிட்டு, அவற்றின் அனுமதியை ரத்து செய்கிறது. எண் இல்லை, செய்தவர் பெயர் இல்லை, என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரம் இல்லை, ஆனால் ஏழு நாளில் வெளுப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றால், அந்த டப்பாவை வாங்க வேண்டாம். இப்போது பூசிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒப்பனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணுக்கு இத்தகைய களிம்பு வாங்கிக் கொடுக்கும் வீடுகள் நமக்குத் தெரிந்த வட்டாரத்திலேயே உண்டு. ஸ்டிராய்டு கலந்த களிம்பு தோலை மெலிய வைக்கிறது. மெலிந்த தோல் வெயில் பட்டால் சிவக்கும், வியர்வை பட்டால் எரியும். அக்கம்பக்கத்தில் ஒரு மணப்பெண் முகூர்த்தத்தன்று முகம் எரிகிறது என்று அழுததை நானே கண்டேன். ஒப்பனை செய்ய வந்த பெண்மணி மேலும் மேலும் பூசினார். அழுத கண்ணீரும் வியர்வையும் சேர்ந்து ஓடின. தோல் நலமாக இருந்தால்தான் அதன் மேல் எதுவும் ஒட்டும்.

மணப்பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையே தொடருகிறேன். நம் நாட்டில் பல குடும்பங்களில் காலையில் கோயிலில் முகூர்த்தம், இரவில் மண்டபத்தில் விருந்து. ஒரே பூச்சு அதிகாலையிலிருந்து நள்ளிரவு வரை தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே அல்ல. நடுவில் கழுவிவிட்டு, முகத்துக்கு ஓய்வு கொடுத்து, மாலையில் புதிதாகச் செய்யுங்கள்.

நலங்கு வைத்துப் பூசிய மஞ்சள் சோப்புக்கு எளிதில் போகாது. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் கரைவதைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். சிறிது எண்ணெய் தடவி, பிறகு கடலை மாவால் கழுவினால் போகும். போகாத மஞ்சளின் மேல் ஃபவுண்டேஷன் பூசினால் புகைப்படத்தில் முகம் ஒரு தினுசாக விழும். புருவம் திருத்துவதையும் முகத்தில் நூல் போடுவதையும் இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். புதிதாகச் சிவந்த தோலில் வியர்வையின் உப்பு எரியும். ஓமகுண்டத்தின் முன் ஒரு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்குக் கண்ணில் புகை பட்டு நீர் வராமல் இருக்காது. தோழியின் கையில் மடித்த கைக்குட்டை இருக்கட்டும். கண்ணின் ஓரத்தில் ஒற்றுவது தோழியின் வேலை; மணப்பெண் தானே தேய்த்தால் மை போய்விடும்.

ஒட்டுப் பொட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொட்டு வைக்கும் இடத்தில் சிலருக்கு வெள்ளைத் தழும்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு வகை பீனால், அந்த இடத்தின் நிறமியைக் கொன்றுவிடுகிறது. வியர்வையோடு நாள் முழுவதும் அங்கேயே இருந்தால் கெடுதல் அதிகம். அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள்; இரவில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்தது. மஞ்சள் தூளில் சுண்ணாம்பு நீர் விட்டு அது சிவப்பதை வகுப்பில் செய்து காட்டினால், பிள்ளைகள் கை தட்டுவார்கள். சாயம் கலந்த மலிவுக் குங்குமம் வியர்வையில் வழிந்து நெற்றியையும் கறுக்க வைக்கும்.

தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து ரதத்தோடு பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு நான் ஒப்பனையே வேண்டாம் என்பேன். இரவெல்லாம் நடந்து, பகலில் பால்குடத்தோடு 272 படி ஏறுகிறவருக்கு எந்தப் பூச்சும் தாங்காது. வெயில் தடுப்புக் களிம்பு மட்டும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் தடவ வேண்டும். கறுத்த தோலுக்கு அது தேவையில்லை என்பது தவறு. மெலனின் ஓரளவுதான் காக்கும்.

பள்ளிகளுக்கு வருகிறேன். ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பஞ்சு, ஒரே மைக்குச்சி, ஒரே உதட்டுச் சாயம் என்பது பல இடங்களில் வழக்கம். ஒரு பிள்ளைக்குக் கண்ணோய் இருந்தால் அடுத்த வாரம் பாதி வகுப்பு வராது. பெரிய பஞ்சு ஒன்றை வாங்கி முப்பது துண்டாக வெட்டுங்கள். பிள்ளைக்கு ஒரு துண்டு, முடிந்ததும் குப்பைக்கு. மையையும் சாயத்தையும் சுத்தமான தட்டில் கொஞ்சம் சுரண்டி வைத்து, பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பூசலாம். தோல் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார் என்பது அன்று காலையில் தெரிந்து பயனில்லை; இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்துவிடுங்கள். விழா பத்து மணிக்கு என்றால் ஆறு மணிக்கே பிள்ளைகளை ஒப்பனையோடு உட்கார வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். சிறப்பு வருகையாளர் தாமதமாகத்தான் வருவார். கடைசி நடனக்காரர்களுக்குக் கடைசியில் பூசினால் போதும்.

எங்கள் பாட்டிமார் காலத்தில் லயத்து வீடுகளில், மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்டு, அரிசியைப் பல நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, அரைத்து, சொட்டுச் சொட்டாக உலர்த்திய 'பெடாக் செஜுக்' பூசிக்கொள்வார்கள். நீரில் குழைத்துப் பூசினால் முகம் குளிரும். நிறத்தை மாற்றும் என்ற எண்ணத்தோடு அல்லாமல் வெப்பத்துக்காக அதை முந்திய இரவில் பூசிக் கழுவுவதில் தவறில்லை. இன்றும் சந்தையில் விற்கிறார்கள். பூசணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி, கலைப்பது. நெடுநேரம் நிற்கும்படி செய்த பூச்சு சோப்பும் தண்ணீரும் பட்டவுடன் போகாது. போகவில்லையே என்று பிள்ளையின் கன்னத்தைத் தேங்காய் நாரால் தேய்ப்பதுபோல் தேய்க்கும் தாய்மாரைப் பார்க்கிறேன். உள்ளங்கையில் சிறிது தேங்காய் எண்ணெய் எடுத்து முகம் முழுவதும் மெல்லத் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். எண்ணெயில் குழைத்தது எண்ணெயோடு வந்துவிடும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மிதமான சோப்பால் கழுவுங்கள். கண் இமையில் பஞ்சை வைத்து அழுத்தி, கீழ்நோக்கி இழுத்து எடுங்கள். விழா முடிந்து வீட்டுக்கு வரும்போது பிள்ளை காரிலேயே தூங்கிப்போயிருப்பாள். எழுப்பினால் அழுவாள். ஆனாலும் எழுப்பி, முகத்தைக் கழுவிவிட்ட பிறகு படுக்க வையுங்கள்.